எல்லைக்காரர் சாட்சி

ஒரு மலைச்சரிவின் மேல்பாதியில் ஒரு முள்ளம்பன்றியும் கீழ்ப்பாதியில் ஒரு காட்டுப்பன்றியும் குடியிருந்தன. இரண்டுக்கும் பெயரில்தான் உறவு. ஆனாலும் ஒன்றையொன்று "பங்காளி" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டன. அப்படிக் கூப்பிட ஆரம்பித்தால் கடைசியில் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். பாவம், அவற்றுக்குத் தெரியவில்லை.

காட்டுப்பன்றி மூக்கால் மண்ணைக் கிளறிப் போடும். முள்ளம்பன்றி அதில் சர்க்கரைவள்ளிக் கொடி நட்டு, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு காவல் இருக்கும். மேலேயும் கீழேயும் இப்படியே கூட்டுவேலை. அந்த வருஷம் கிழங்கு நன்றாகப் பிடித்திருந்தது. முள்ளம்பன்றியின் வளையில் இரண்டு குட்டிகள் வேறு பிறந்திருந்தன.

அந்த நேரம் பார்த்து வனக்காவல் அதிகாரியான கரடி வந்து நின்றது.

"இந்தச் சரிவு முழுக்கப் பொதுக்காடு! ரெண்டு பேரும் காலி பண்ணுங்க!"

"எங்க அப்பா காலத்துலேருந்து இங்கதான் இருக்கோம் ஐயா!" என்றது முள்ளம்பன்றி.

"அதையெல்லாம் கோர்ட்டுல வந்து சொல்லு!"

நாவல் மரத்தடியில் கோர்ட்டு. நீதிபதி காட்டெருமை. ஒரு வாய் அசைபோட்டு முடிக்காமல் ஒரு வார்த்தை பேசாது. அதனால் வாய்தாவுக்கு மேல் வாய்தா ஓடியது. சட்டம் எனக்கும் அவ்வளவாகத் தெரியாது. தெரிந்திருந்தால் இப்படிக் கதை சொல்லிக்கொண்டு திரிவேனா? ஆனால் அன்றைக்கு நீதிபதி சொன்னது என்னைப் போன்ற மண்டைக்கே விளங்கியது.

"நிலத்தில் நீங்கள் குடியிருந்து பயிர் செய்தீர்களா, அது உங்கள் அனுபவத்தில் இருந்ததா என்பதுதான் கேள்வி. அதைச் சொல்லத் தகுந்தவர் எல்லைக்காரர், அதாவது பக்கத்து நிலத்துக்காரர். முள்ளம்பன்றிக்குக் காட்டுப்பன்றி சாட்சி. காட்டுப்பன்றிக்கு முள்ளம்பன்றி சாட்சி. கரடியாரே, உங்கள் தரப்பில் யார் சாட்சி?"

கரடி தூங்கிக்கொண்டிருந்தது. தட்டி எழுப்பினார்கள்.

"யாரும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிப்போனது. அது அந்தச் சரிவை முழுசாக ஏறிப் பார்த்ததுகூட இல்லை.

முள்ளம்பன்றியின் மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேஸ் நம்ம பக்கம்தான்! பங்காளிகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க. அவருக்காக நீங்க சொல்லுங்க, உங்களுக்காக அவரு சொல்லட்டும். குட்டிகளை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"எனக்கே யோசனை சொல்றியா? நான் எவ்வளவு கெட்டிக்காரன்னு கோர்ட்டுல பாரு!"

கெட்டிக்காரன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறவனைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். நானும் அந்த ரகம்தான்.

முள்ளம்பன்றி வளைவாசலில் உட்கார்ந்து கீழே பார்த்தது. 'கீழ்ப்பாதியில் எப்போதும் ஈரம். பங்காளிக்கு அனுபவம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் போய்விடுவான். பிறகு அதுவும் நமக்குத்தான்.'

அதே நேரத்தில் காட்டுப்பன்றி சேற்றில் புரண்டபடி மேலே பார்த்தது. 'மேல்பாதியில் நல்ல வெயில். பங்காளி மட்டும் போய்விட்டால்...'

இரண்டும் ஒன்றுக்கொன்று எதுவும் சொல்லவில்லை. வழியில் பார்த்தபோது, "சாப்பிட்டாச்சா பங்காளி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டன.

விசாரணை நாள் வந்தது. முதலில் முள்ளம்பன்றி சாட்சிக் கூண்டில் ஏறியது.

"கீழ்ப்பாதியில் காட்டுப்பன்றி பயிர் செய்ததைப் பார்த்தீர்களா?" என்று கேட்டது நீதிபதி.

"பயிரா? அவனா? சேத்துல படுத்துக் கிடப்பான், அவ்வளவுதான்! அங்கே இருக்கிறது முழுக்கப் புதர் சாமி. சுத்தமான காடு!"

காட்டுப்பன்றிக்கு மயிர் குத்திட்டு நின்றது. அதன் முறை வந்ததும் பாய்ந்து ஏறியது.

"மேல்பாதியா? அங்கே வளைன்னு ஒண்ணை நான் கண்ணால பார்த்ததில்லைங்க! மரமும் கொடியும்தான். அதுதாங்க அசல் காடு! கிழங்குகூடத் தானா முளைச்சது!"

"அடப்பாவி!" என்று கத்தியது முள்ளம்பன்றி.

"நீ மட்டும் என்னவாம்!" என்று கத்தியது காட்டுப்பன்றி.

நீதிபதி நெடுநேரம் அசைபோட்டது. பிறகு சொன்னது: "கீழ்ப்பாதி காடு என்று மேல் எல்லைக்காரர் சொல்கிறார். மேல்பாதி காடு என்று கீழ் எல்லைக்காரர் சொல்கிறார். இரண்டு பாதியும் போக இந்தச் சரிவில் வேறென்ன இருக்கிறது? எல்லாம் பொதுக்காடு. இருவரும் காலி செய்யவேண்டியது. கரடியாரை எழுப்புங்கள், வழக்கில் ஜெயித்துவிட்டார்."

கரடி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது. விஷயம் தெரிந்ததும் அதற்குப் பசி வந்துவிட்டது. நேராகச் சரிவுக்குப் போய்க் கிழங்கைத் தோண்ட ஆரம்பித்தது.

முள்ளம்பன்றி மூச்சிரைக்க ஓடிவந்தது. "ஐயா, ஐயா! அது நாங்க நட்ட கிழங்கு!"

"தானா முளைச்சதுன்னு கோர்ட்டுலயே சொல்லியாச்சே! காட்டுல தானா முளைச்சது வனக்காவலுக்குத்தானே சேரும்?" என்று மென்றுகொண்டே கேட்டது கரடி.

மனைவி ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வளையிலிருந்து வெளியே வந்தது. இன்னொரு குட்டியை முள்ளம்பன்றி எடுத்துக்கொண்டது. மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட முள்ளம்பன்றிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எதிர்மலையில் புல்கூட முளைக்காத ஒரு பாறை இருந்தது. அதன் இடுக்கில் ஒதுங்கலாம் என்று போனால், அங்கே காட்டுப்பன்றி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அது நகர்ந்து குட்டிகளுக்கு இடம் விட்டது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கரடி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பங்காளி, இந்த மலையிலேயே பெரிய முட்டாள் யாருன்னு நினைக்கிறே?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"நான்தான்!"

"அதெப்படி? நான்தானே முதல்ல கூண்டுல ஏறினேன்!"

"இதுலயும் சண்டை வேண்டாம் பங்காளி. ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம்!"

இரண்டுக்கும் சிரிப்பு வந்தது. முள்ளம்பன்றி சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டது. அது சிரிப்பில் வந்த கண்ணீர் மட்டும் இல்லை.

"சரி, மேல்கோர்ட்டுக்குப் போய்ப் பார்ப்போமா?" என்று கேட்டது காட்டுப்பன்றி.

"போகலாம். சாட்சிக்கு யாரைக் கூப்பிடுறது?"

 

அடுத்தவரின் உரிமையை அழித்துத் தன் உரிமையைப் பெருக்கப் பார்ப்பவர், கடைசியில் இரண்டையும் எதிராளிக்கே எழுதிக் கொடுத்துவிடுவார்.