ஊர்விலக்கு நீங்கிய பிறகு

ஒரு கடற்கரை ஊரில் இஞ்ஞாசி என்று ஓர் உபதேசியார் இருந்தார். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பதும், சாவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நிற்பதும் இஞ்ஞாசிதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடுகள் முறைவைத்து அவருக்குச் சோறு அனுப்பின.

அவரிடம் வேலை பழக வந்தவர் தொம்மை. இஞ்ஞாசியைவிட வயதில் மூத்தவர். புயலில் வள்ளத்தை இழந்த பிறகு கடலுக்குப் போக மனம் வராமல், தானும் உபதேசியார் ஆகலாம் என்று வந்தவர்.

கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கிய வாரம் தொம்மை அவரிடம் கேட்டார்.

“கடவுளால ஆகாதது ஒண்ணும் இல்ல. மன்னிச்சிட்டேன்னு மேலேருந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. மகனை எதுக்கு அனுப்பணும்? அவர் இங்க வந்து அந்தப் பாடு பட்டு எதுக்குச் சாகணும்?”

“பிள்ளைங்க கேட்டாங்களா?”

“நான்தான் கேக்கேன்.”

இஞ்ஞாசி யோசித்துப் பார்த்தார்.

“எனக்குச் சொல்லத் தெரியல, அண்ணாச்சி.”

ஊரின் தெற்குக் கடைசியில், ஓலை வேலி போட்ட வீட்டில் ரீத்தம்மாள் தனியாக இருந்தாள். புருஷன் கடலோடு போனவன். பிள்ளை கிடையாது. கரையில் நடந்த ஒரு சண்டையில் ஊர்த்தலைவர் சலேத்தின் மகன் வேறொருவனை வெட்டியதை அவள் பார்த்துவிட்டாள். கோர்ட்டில் கேட்டபோது பார்த்ததைச் சொன்னாள். அன்றைக்கே ஊர்க் கமிட்டி கூடி அவளை ஊரைவிட்டு விலக்கி வைத்தது. கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. அவள் வாங்கி விற்க ஏலத்தில் மீன் கிடைக்கவில்லை. கோயிலில் அவள் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. பிறகு அவள் கோயிலுக்கும் வருவதில்லை. விடியுமுன் பக்கத்து ஊருக்கு நடந்துபோய் அரிசி வாங்கி வருவாள் என்று சொன்னார்கள்.

பங்குச் சாமியார் கமிட்டியோடு பல மாதம் பேசினார். கடைசியில் அவர்கள் இறங்கி வந்தார்கள். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோபுரத்து மைக்கில் அறிவித்தார்கள். ரீத்தம்மாள் மீதிருந்த விலக்கு நீக்கப்பட்டது, இனி யாரும் அவளோடு பேசலாம், பழகலாம். ஊர் முழுக்கக் கேட்டது. தெற்குக் கடைசியிலும் கேட்டிருக்கும்.

அவள் வெளியே வரவில்லை.

“மைக்கிலேயே சொல்லியாச்சு. இன்னும் என்ன வேணுமாம்?” என்றார்கள் கரையில் நின்ற பெண்கள்.

அவர்களும் யாரும் அங்கே போகவில்லை. யார் முதலில் போகிறார்கள் என்று சலேத் வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பது எல்லாருக்கும் தெரியும்.

“அறிவிச்சும் வரலியே?” என்றார் தொம்மை இஞ்ஞாசியிடம்.

“நீங்க போய்ப் பாத்தீங்களா?”

தொம்மையும் போகவில்லை. அவருடைய மகளுக்குச் சலேத்தின் சொந்தத்தில்தான் சம்பந்தம் பேசியிருந்தது.

மறுநாள் காலை இஞ்ஞாசி கிளம்பினார். தொம்மை கொஞ்ச தூரம் கூடப் போய், கடைசிப் பனைமரத்தோடு நின்றுவிட்டார். அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

இஞ்ஞாசி வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். பதில் இல்லை. படலுக்குப் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தார். வெயில் ஏறியது. உச்சி வேளையில் கதவு திறந்தது. ரீத்தம்மாள் ஒரு குடத்தோடு வெளியே வந்தவள், ஆளைக் கண்டதும் நின்றாள்.

“ரீத்தம்மா, சுகமா இருக்கியா?”

அவள் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது. மெதுவாக முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள்.

“என்னையா கேக்கீங்க?” குரல் கரகரத்துப் பாதியில் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“உன்னத்தான். குடிக்கத் தண்ணி இருந்தா கொடு.”

படலைத் திறந்து அவர் உள்ளே போவதைத் தொம்மை பார்த்தார். பார்த்தது அவர் மட்டும் அல்ல.

யாரும் இஞ்ஞாசியை ஒன்றும் கேட்கவில்லை. விலக்குதான் நீங்கிவிட்டதே. ஆனால் மறுநாள் முறை உள்ள வீட்டிலிருந்து சோறு வரவில்லை. அடுத்த வீட்டிலிருந்தும் வரவில்லை. டீக்கடையில் பால் தீர்ந்துவிட்டது என்றார்கள். பக்கத்தில் நின்றவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். வேத வகுப்புக்கு வருவதைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எதிரே வந்தவர்கள் கடலில் என்னவோ இருப்பதுபோல அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே கடந்தார்கள். சாவு ஒன்று விழுந்தது. அவருக்கு யாரும் சொல்லிவிடவில்லை. அந்த வீட்டு வாசல்வரை போய், யாரும் வழிவிடாததால், தெருவிலேயே நின்று ஜெபம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

தொம்மை வீட்டிலும் பேச்சு வந்தது. அவர் மனைவி சொன்னாள், “கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் நீங்க அந்த மனுஷன் பக்கம் போகாதீங்க.” அவரும் போகவில்லை. ஜெபப் புத்தகத்தை எடுப்பார். வாசிக்க முடியாமல் வைத்துவிடுவார். வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். அவருக்குப் பேச ஒருவரும் இல்லை.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல், கரையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தெற்கே நடந்தார். இஞ்ஞாசி ரீத்தம்மாள் வீட்டு வேலிக்குப் புது ஓலை கட்டிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். உள்ளே அடுப்பு புகைந்தது.

தொம்மை வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

“உபதேசியாரே, சாமியார் திரும்பவும் கமிட்டியோட பேசுதாரு. நீங்க கொஞ்ச நாள் இங்க வராம இருந்தா எல்லாம் ஆறிரும். சோறு வரும். பிள்ளைங்களும் வருவாங்க.”

“ரீத்தம்மா?”

“அவங்களுக்கும் சேத்துத்தான் பேசுதாரு.”

“பேசட்டும். நல்லதுதான்.”

இஞ்ஞாசி ஓலையை இழுத்துக் கட்டினார். உள்ளே ரீத்தம்மாள் ஏதோ சொல்லிக் கோழியை விரட்டினாள். பிறகு குரல் வாசலுக்கு வந்தது.

“யாரு வந்திருக்கா? தொம்மையண்ணனா? சாப்பிட வரச் சொல்லுங்க. கொழம்பு எறக்கிட்டேன்.”

தொம்மை வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கரை வெறிச்சென்று கிடந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீங்க போயி என்ன ஆச்சு? அவங்கள வெளிய கூட்டிட்டு வந்தீங்களா? முன்னால இந்த ஊர்ல விலக்குல ஒரு ஆளு. இப்ப ரெண்டு பேர். அவ்வளவுதானே நடந்தது?”

இஞ்ஞாசி முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“ஆமா அண்ணாச்சி,” என்றார். “இப்ப ரெண்டு பேர்.”