ஒரு சிகரெட் குடுங்க

இருதய அறுவை மருத்துவர் அமிர்தகடேசன் ஓய்வுபெற்ற மறுமாதமே, தன் மகள் வயதிலிருந்த விஞ்ஞானி ஜெரீனாவிடம் மாணவராகச் சேர்ந்தார். காரணம், பையிலிருந்த ஸ்கேன். நாலாயிரம் நெஞ்சைத் திறந்தவரின் சொந்த ரத்தக்குழாயில் கொழுப்பு படிய ஆரம்பித்திருந்தது.

"பத்து வருஷமா நெய்யைத் தொட்டதில்ல மேடம். அப்புறம் எப்படிக் கொழுப்பு சுவருக்குள்ள போச்சு?"

"ஒரு சிகரெட் குடுங்க டாக்டர்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஜெரீனா அதைப் பற்றவைத்து, புகையை ஒரு குழாய் வழியாக, செல்களை வளர்க்கும் திரவத்துக்குள் விட்டார்.

இரண்டு தட்டுகளில் செல்கள் இருந்தன. ரத்தக்குழாயின் உட்சுவரை மூடியிருக்கும் செல்கள், ஒரே தொப்புள்கொடியிலிருந்து எடுத்தவை. ஒரு தட்டில் நல்ல திரவம் ஊற்றினார், மற்றதில் புகை கலந்தது.

மூன்றாம் நாள் அமிர்தகடேசன் நுண்ணோக்கியில் பார்த்தார். முதல் தட்டில் செல்கள் பதித்த ஓடு மாதிரி நெருங்கி இருந்தன. இரண்டாவதில் விலகிக் கிடந்தன. சில நீண்டு, தழும்பில் இருக்கும் செல்களாகவே மாறத் தொடங்கியிருந்தன. ஜெரீனா சிவப்புச் சாயமேற்றிய கொழுப்பை இரண்டிலும் விட்டார். முதல் தட்டில் மேலேயே நின்றது. இரண்டாவதில் இடுக்கு வழியே கீழே இறங்கியது.

அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். முப்பது வருஷமாக வெறும் குழாய் என்றல்லவா நினைத்து வெட்டியும் தைத்தும் வந்தார்! கொழுப்பு கதவை உடைக்கவில்லை. காவலுக்கு நின்றவர்களே நகர்ந்திருக்கிறார்கள்.

கெட்ட தட்டைத் தூக்கிப்போடப் போனார். ஜெரீனா தடுத்து, புகைத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்லதை ஊற்றினார்.

அதன்பின் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரவம் மாற்றியதிலிருந்து ஐந்தாம் நாள், வாட்ச்மேன் பூட்டைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். நீண்டுபோன செல்களில் சில அப்படியே இருந்தன. மற்றவை மறுபடி நெருங்கியிருந்தன. புதிதாக விட்ட சிவப்புக் கொழுப்பு பெரும்பாலும் மேலேயே நின்றது. சந்தோஷத்தில் மேசையைத் தட்டினார்.

"மூடிக்கிச்சு மேடம். இன்னொரு தடவை செஞ்சு பாக்கணும், இப்பவே."

"சரி. ஒரு சிகரெட் குடுங்க."

அமிர்தகடேசன் சட்டைப்பையைத் தடவினார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"இல்ல மேடம். அன்னைக்கு அந்தத் தட்டைப் பாத்ததோட நிறுத்திட்டேன்."

ஜெரீனா நோட்டைத் திறந்து தேதி போட்டார்.

"அப்ப ரெண்டாவது சோதனை ஏற்கெனவே ஓடிட்டிருக்கு டாக்டர். இன்னைக்கு அஞ்சாம் நாள்."