பனிக்கு மட்டும் ஒரு வண்டி

கனடாவின் வடக்கே, வருடத்தில் ஐந்து மாதம் பனியில் புதைந்து கிடக்கும் ஒரு சுரங்க நகரம். அங்கே பழைய கார்கள் விற்கும் முற்றம் ஒன்றில் நரையன் என்றொரு கார் நின்றது. சாம்பல் நிறம், சின்ன உடம்பு, பதினேழு வயது. பக்கத்தில் நின்ற கார்கள்தான் நிறத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தன. வெளித்தோற்றம் எப்படியிருந்தாலும் எஞ்சின் நல்ல எஞ்சின். சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே எழும்பிவிடும்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நகுலேசனும் அவன் மனைவி சுகிர்தாவும் அந்த முற்றத்துக்கு வந்தார்கள். நகுலேசன் ஆயுள் காப்புறுதி விற்பவன். வீட்டில் இருந்தபடியே டெலிபோனில் பேசி வேலையை முடித்துவிடுவான். சுகிர்தா வீடு வீடாகப் போய் நடமாட முடியாதவர்களைப் பராமரிக்கிறவள். அதுவரை பஸ்ஸில் போய்வந்தாள். இப்போது ஊருக்கு வெளியே, பஸ் போகாத பக்கத்தில் மூன்று வீடுகளின் பொறுப்பை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

சுகிர்தா நேராக ஒரு சிவப்பு வான் வண்டியிடம் போய் நின்றாள்.

"இஞ்சருங்கோ, இதைப் பாருங்கோ. நாலு சக்கரமும் இழுக்குமாம். விண்டர் டயரும் நல்லாத்தான் இருக்கு."

"உமக்கு என்ன விசரே?" என்றான் நகுலேசன். "பனிக்கு மட்டும் ஓட ஒரு வண்டி. தெருவில கொட்டுற உப்புத் தின்னப்போற சாமானுக்கு ஆரும் காசைக் கொட்டுவினமே? அந்தச் சாம்பல் நிறம் போதும். அதுதான் இஞ்ச ஆக மலிவு."

சுகிர்தா குனிந்து நரையனின் சக்கரத்தைத் தடவிப் பார்த்தாள். "டயர் மொட்டையாக் கிடக்கப்பா."

"மெல்ல ஓடினாச் சரி. ஏப்ரல் வந்த உடன பழைய இரும்புக்குக் குடுத்திடுவம்."

நரையனுக்குக் கோபத்தில் பொறி பறந்தது. செவிடன் முன்னால் பேசுவதுபோல, அதன் மூக்குக்கு முன்னால் நின்றல்லவா பேசுகிறான்!

"கேட்டாயா?" என்றது சிவப்பு வானிடம். "இன்னும் என்னை வாங்கவே இல்லை. அதற்குள் என் சாவுக்கு மாதம் குறித்துவிட்டான்."

"வாயை மூடிக்கொண்டு போ," என்றது வான். "இந்த வயதில் உன்னைக் கூப்பிட ஒரு வீடு கிடைத்ததே பெரிது."

"கூப்பிடுகிறவன் வேலைக்குக் கூப்பிட்டால் போகலாம். இவன் என்னைத் தேயக் கூப்பிடுகிறான்."

ஆனாலும் கார் என்ன செய்யும்? சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்களோடுதான் போக வேண்டும். போயிற்று.

நகுலேசனின் வீட்டில் ஒரு கராஜ் இருந்தது. உள்ளே ஹீட்டர். ஹீட்டரின் சூட்டில், பஞ்சுத் துணியால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக்கிய ஒரு கறுப்புக் கார் நின்றது. அதை எல்லோரும் மினுக்கன் என்பார்கள். நரையனுக்குக் கராஜில் இடமில்லை. வெளியே, கராஜுக்கு முன்னால் கூரையில்லாத வண்டிப்பாதையில் நிறுத்தினார்கள்.

மறுநாள் கராஜின் கதவு திறந்தபோதுதான் நரையன் மினுக்கனை முழுதாகப் பார்த்தது. பார்த்ததும் அதன் கண் போனது சக்கரங்களுக்கு. நான்கும் புத்தம்புதிய விண்டர் டயர்கள். உறைந்த தரையைக் கவ்விப்பிடிக்கும் ஆழமான வெட்டுகள்.

"நீ பனியில் போவாயா?" என்று கேட்டது நரையன்.

"சே! எனக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது. மார்ச் முடியும்வரை நான் வாசலைத் தாண்டமாட்டேன். கல்யாணம், கோயில் என்றால், அதுவும் தெரு காய்ந்திருந்தால் போவேன்."

"பின்னே இந்த டயர்கள் எதற்கு?"

"குளிர்காலத்தில் நல்ல காருக்கு நல்ல டயர் போட வேண்டும் என்று நகுலேசன் எங்கேயோ படித்தான். போட்டுவிட்டான்," என்றது மினுக்கன். பிறகு, நரையனின் முகத்தைப் பார்த்தோ என்னவோ, கொஞ்சம் தணிந்து சொன்னது: "அவனைத் தப்பாக நினைக்காதே. பதினொரு வருடம் சாப்பாட்டுக்கடைகளின் பின்கட்டில் கோப்பை கழுவியவன். அந்தக் காசில்தான் என்னை வாங்கினான். முதல்நாள் எனக்குள் ஏறியிருந்து அழுதான். நான் அவனுக்கு வெறும் கார் இல்லை."

இதைக் கேட்டு நரையனின் கோபம் ஒரு படி இறங்கியதும் உண்மைதான். பிறகு கேட்டது:

"சரி. அந்தப் பதினொரு வருடமும் அவள் என்ன செய்தாள்?"

"அது எனக்குத் தெரியாது," என்றது மினுக்கன். "அதை அவன் என்னிடம் சொன்னதில்லை."

டிசம்பரில் பனி கொட்டத் தொடங்கியது. லொறிகள் தெருவெல்லாம் உப்பை இறைத்தன. தினமும் காலை ஆறரை மணிக்குச் சுகிர்தா வந்து, சுரண்டியால் கண்ணாடியிலிருந்த உறைபனியைச் சுரண்டி, உள்ளே ஏறுவாள். ஓயாமல் கை கழுவுகிற வேலை. அவளுடைய விரல்களின் மூட்டுகள் வெடித்திருந்தன. ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது அந்த வெடிப்புகள் நரையனுக்குத் தெரியும்.

"வா ராசா, மெல்லப் போவம்," என்பாள்.

அந்த வீட்டில் நரையனோடு பேசிய ஒரே ஆள் அவள்தான்.

உப்பு நரையனின் அடிவயிற்றில் ஏறி ஒட்டிக்கொண்டது. முதலில் அரித்தது. பிறகு எரிந்தது. ஒருநாள் நரையன் பொறுக்கமாட்டாமல் கத்தியது: "உனக்கு வெட்கமில்லையா? கிழட்டு வண்டியைத்தான் தின்பாயா?"

"என்மேல் ஏன் பாய்கிறாய்?" என்றது உப்பு. "பனியைக் கரைக்க என்னைக் கொட்டுகிறார்கள், கரைக்கிறேன். வருகிற இரும்பைத் தின்பது என் குணம். அது கிழடோ குமரோ எனக்குக் கணக்கில்லை. என் வாய்க்குள் யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கிறவன் வேறு ஆள். அவனைக் கேள்."

அவனைக் கேட்கத்தான் சுகிர்தா இருந்தாளே. அவள் கேட்டாள். டிசம்பர் முதல் வாரத்தில் கேட்டாள். நத்தார் பண்டிகைக்கு முன் கேட்டாள். வளைவு ஒன்றில் வண்டி அரைவட்டம் சுற்றி நின்ற அன்று, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள்.

"அந்தக் காருக்கு டயர் போட்டுத் தாங்கோப்பா. எனக்குப் பயமாக் கிடக்கு."

"இன்னும் மூண்டு மாசம்தானே. இரும்புக்குப் போற வண்டிக்குப் புது டயரோ? ஆராவது கேட்டாச் சிரிப்பினம்."

இதைச் சொல்லிவிட்டு நகுலேசன் டெலிபோனை எடுத்து, குடும்பத்தின் பாதுகாப்பை முன்கூட்டியே யோசிப்பது எவ்வளவு முக்கியம் என்று யாரோ ஒருவருக்கு இருபது நிமிடம் விளக்கினான். மூடிய யன்னலையும் தாண்டி நரையனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

ஜனவரி நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காற்றோடு பனி அடித்தது. சுகிர்தா போக வேண்டிய வீடு கோவால்ஸ்கி என்ற பழைய சுரங்கத் தொழிலாளியுடையது. அவள் போனால்தான் அந்த மனிதர் கட்டிலைவிட்டு எழும்ப முடியும். போகாமல் இருக்க அவளால் ஏலவில்லை.

ஏரிக்கரை வளைவில் நரையன் பிரேக்கைப் பிடித்தது. டயர்களுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை.

"பிடியுங்கள்!" என்று அலறியது நரையன்.

"எதால் பிடிப்பது?" என்றன டயர்கள். "எங்களில் பல்லே இல்லையே!"

வண்டி பின்பக்கமாகச் சறுக்கிப் போய், தெருவோரப் பள்ளத்தில் பனிக்குவியலுக்குள் செருகி நின்றது. சுகிர்தாவுக்கு அடி படவில்லை. முதலில் வேலைத்தலத்துக்கு டெலிபோன் அடித்து, கோவால்ஸ்கியிடம் வேறு ஆளை அனுப்பச் சொன்னாள். பிறகு நகுலேசனுக்கு அடித்தாள். இழுவை லொறிக்காரரையும் கூப்பிட்டாள்; வர இரண்டு மணிநேரம் ஆகும் என்றார்கள். வெளியே முகத்தை அறுக்கும் குளிர். அவள் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைக் கூட்டி வைத்துக்கொண்டு இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நரையனுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. அது விட்ட மூச்சு வெளியே போகவில்லை. புகைக்குழாயின் வாயைப் பனி அடைத்திருந்தது. அடைபட்ட நச்சுப்புகை அடிவயிற்றில் சுற்றி, உப்பு அரித்த ஓட்டை வழியாக, ஒரு மணமும் இல்லாமல் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

"சுகிர்தா! வெளியே இறங்கு!" என்று கத்தியது நரையன். காரின் சத்தம் மனிதருக்கு உறுமலாகத்தானே கேட்கும்? அவள் நெற்றியைத் தடவினாள். கொட்டாவி விட்டாள். தலையை ஆசனத்தில் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

நரையனுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. பதினேழு வருடத்தில் ஒருநாள்கூட நடுவழியில் நின்றதில்லை என்ற ஒரு பெருமை அதற்கு இருந்தது. அந்தப் பெருமையை விழுங்கிக்கொண்டு, தன் மூச்சைத் தானே இறுக்கி நிறுத்தியது. எஞ்சின் ஒருமுறை குலுங்கி அடங்கிற்று.

ஹீட்டர் நின்றது. கண்ணாடி மங்கியது. குளிரில் சுகிர்தா விழித்துக்கொண்டாள். சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினாள்.

"ஐயோ, என்ர ராசா, உன்னைக் கும்பிடுறன், எழும்பு! நீயுமோ என்னைக் கைவிடுறாய்?"

நரையன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. அந்தக் கேள்வி உப்பைவிட எரிந்தது. ஆனாலும் எழும்பவில்லை.

குளிர் தாங்காமல் சுகிர்தா கதவைத் தள்ளித் திறந்து, தள்ளாடியபடி தெருவுக்கு ஏறினாள். காற்றுப் பட்டதும் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பனி வழிக்கும் லொறி ஒன்று அந்தப் பக்கமாக வந்தது. அவள் கையைக் காட்டினாள். லொறியின் சாரதி ஒரு நடுத்தர வயதுப் பெண். குதித்து இறங்கி, சுகிர்தாவைத் தன் இருக்கையில் ஏற்றிப் போர்வையால் போர்த்தினாள்.

அரைமணி நேரத்தில் நகுலேசனும் வந்து சேர்ந்தான். மினுக்கனில் வந்தான். அதே ஏரிக்கரை, அதே வளைவு. மினுக்கன் ஒரு விரற்கடைகூட விலகாமல் தெருவைக் கவ்விக்கொண்டு வந்து நின்றது. நரையன் பள்ளத்திலிருந்து அதைப் பார்த்தது.

நகுலேசன் ஓடிவந்து சுகிர்தாவின் முகத்தைப் பிடித்துப் பார்த்தான். பிறகு பள்ளத்தில் இறங்கி நரையனின் கதவில் ஓங்கி உதைத்தான்.

"சனியன் பிடிச்ச வண்டி! எஞ்சின் நிண்டு என்ர மனுசியை விறைக்கவச்சுக் கொல்லப் பார்த்திட்டுது!"

சாரதி அவனைக் கூப்பிட்டுப் புகைக்குழாயைக் காட்டினாள். வாய் நிறையப் பனி. பிறகு வண்டியின் அடியிலிருந்த ஓட்டையைக் காட்டினாள்.

"இது நின்றதால்தான் உன் மனைவி உயிரோடு இருக்கிறாள்," என்றாள். "இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் நான் அவளை எழுப்பியிருக்க முடியாது." கடைசியாகச் சப்பாத்து நுனியால் மொட்டை டயரைத் தட்டினாள். "இதோடு அவளை இந்தத் தெருவுக்கு அனுப்பியது யார்?"

சுகிர்தா போர்வையோடு இறங்கி வந்தாள்.

"சொல்லுங்கோவன். அவ கேக்கிறா," என்றாள். "கறுப்புக் காரில உப்புப் படக்கூடாது எண்டீங்கள். சரி. அப்ப நான் ஆர்? நான் உப்புத் தின்னலாமோ? மூண்டு தரம் கேட்டனான். அந்தக் காருக்குப் போட்ட டயர் வீட்டுக்குள்ள நிண்டு நிலத்தைப் பிடிச்சுக்கொண்டிருக்குது. நான் பள்ளத்துக்குள்ள கிடக்கிறன்!"

"சுகிர்தா, வீட்ட போய்க் கதைப்பம்..."

"கதைக்க ஒண்டுமில்லை. திறப்பைத் தாங்கோ."

அவன் தயங்கினான். அவள் அவனுடைய கையிலிருந்தே மினுக்கனின் சாவியை எடுத்தாள்.

"நாளையில இருந்து நான் இதிலதான் போவன்."

"உப்புப் பிடிக்குமப்பா..."

"பிடிக்கட்டும். கழுவலாம்."

சொன்னபடியே போனாள். முதல்நாள் மினுக்கன் அழாத குறையாகத் திரும்பி வந்தது. முழங்கால்வரை வெள்ளை வெள்ளையாக உப்பு. நரையன் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "முதல் வாரம் அப்படித்தான் எரியும்," என்று மட்டும் சொன்னது.

பள்ளத்திலிருந்து இழுத்து வந்த நரையனின் அடியிலிருந்த ஓட்டையை அடைத்து, குழாயைத் துப்புரவாக்கியிருந்தார்கள். அடுத்த வாரம் நகுலேசனுக்கு நேரில் பார்க்க வேண்டிய ஒரு வாடிக்கையாளர் வந்து வாய்த்தார். வீட்டில் மிஞ்சியிருந்த கார் நரையன்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறினான்.

முதல் சந்தியிலேயே வண்டி வழுக்கியது. பெரிதாக ஒன்றுமில்லை, சிவப்பு விளக்கைத் தாண்டி ஒரு முழம் போய் நின்றது. நகுலேசனுக்கு நெஞ்சு அடித்த அடியை நரையன் ஸ்டியரிங்கில் உணர்ந்தது. அவன் வாடிக்கையாளரிடம் போகவில்லை. வண்டியை அங்கேயே திருப்பி, ஆமை வேகத்தில் நேரே டயர்க்கடைக்குப் போனான்.

பின்னேரம் சுகிர்தா வேலை முடிந்து வந்தபோது நரையனின் காலில் நான்கு புது விண்டர் டயர்கள் இருந்தன.

"இது எப்ப போட்டனீங்கள்?"

"இண்டைக்குத்தான். சந்தியில வழுக்கிப்போட்டுது சுகிர்தா. நான் சரியாப் பயந்துபோனன். இதில மனுசர் ஓடேலாது!"

சுகிர்தா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மினுக்கனின் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

"நல்லதாகப் போயிற்று," என்றது மினுக்கன். "இனியாவது உன் கோபம் தணியுமா?"

நரையன் தன் புது டயர்களிடம் கேட்டது: "இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள்?"

"எங்கே இருப்போம்? நவம்பரிலிருந்து அந்தக் கடையில்தான் கிடந்தோம்," என்றன அவை. "எங்களைக் கேட்டு ஒருவரும் வரவில்லை."