முடிச்சுக் கொடி

கடல் இப்போது இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் அந்தப் பக்கமாக இருந்த காலத்தில், வெண்மணற்பட்டினம் என்று ஒரு துறைமுகம் இருந்ததாம். சின்னவர்களே, பெரியவர்களே, காதை இங்கே கொடுங்கள்.

அந்தப் பட்டினத்தின் கடற்கரைத் தெருவில் ஒவ்வொரு கடைக்கு மேலும் ஒரு கொடி பறக்கும். கடையில் விற்பது என்னவோ அதைக் கொடியில் வரைந்து வைப்பார்கள். கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு நம் பேச்சும் தெரியாது, எழுத்தும் தெரியாது. கொடியைப் பார்த்துத்தான் கடைக்குள் நுழைவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, புதிதாக வந்த கப்பலிலிருந்து மூன்று மாலுமிகளை வணிகர் குழுத் தலைவர் அழைத்து, தெருவில் ஒருமுறை நடத்திக் கூட்டிப் போவார். பிறகு விருந்து போடுவார். அவர்கள் கை கழுவுவதற்குள் கொடிகளையெல்லாம் இறக்கி, கடைகளையும் சாத்திவிடுவார்கள். மறுபடியும் கூட்டிவந்து ஒவ்வொரு கடை முன்னாலும் நிறுத்தி, "இங்கே என்ன விற்கிறது?" என்று சைகையால் கேட்பார்.

மூவரும் ஒன்றையே காட்டினால் கடை தப்பியது. ஒருமுறை தவறினால் எச்சரிக்கை. அடுத்த ஆண்டும் தவறினால் கருவாடு காயும் பின்தெருவுக்குப் போக வேண்டியதுதான். அந்தத் தெருவில் எந்த மாலுமியும் கால் வைத்ததில்லை. அங்கே போன கடை பிழைத்ததும் இல்லை.

அப்படி எச்சரிக்கை வாங்கிய கடைகள் இரண்டு. ஒன்று எயினியும் அவள் கணவன் பூதனும் நடத்திய கடை. கயிறு, பாய், துடைப்பம், கூடை, விசிறி என்று எல்லாம் விற்றார்கள். கொடியில் எல்லாம் இருந்தது. இன்னும் கொஞ்சம் துணி மிச்சமிருந்தால் மாமியாரையும் வரைந்திருப்பார்கள்! மற்றொன்று பக்கத்துக் கடை. அதற்குச் சொந்தக்காரர் அந்துவன், பெரிய பணக்காரர்.

அந்துவன் ஒரு முடிவுக்கு வந்தார். "இவ்வளவு வரைஞ்சும் அவங்க கண்ணுல படலைன்னா, இன்னும் வரையணும். ஏதாவது ஒண்ணு படாமலா போயிடும்?" ஏற்கெனவே மிளகும் முத்தும் இன்னும் பலதும் இருந்த கொடியில் தேனைச் சேர்த்தார், சந்தனத்தைச் சேர்த்தார், கூண்டுக்கிளியையும் சேர்த்தார். வரைந்த பொருளையெல்லாம் கடையிலும் வாங்கிக் குவித்தார்.

எயினி ஒரு முழு நாள் கொடிக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். பிறகு கொடியை இறக்கி, கூடையையும் விசிறியையும் வெட்டி எடுத்தாள். கடையிலும் அவற்றை விற்பதை நிறுத்தினாள்.

அடுத்த மாதம் துடைப்பத்தை வெட்டினாள். தெருவே சிரித்தது. "கடை நடத்துறாளா, கடையைப் பெருக்கித் தள்ளுறாளா?" என்றார்கள்.

அதற்கடுத்த மாதம் பாயின் மேல் கத்தியை வைத்தாள். பூதன் பாய்ந்து வந்து கையைப் பிடித்தான்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா எயினி? அடுப்பு எரியறதே பாயாலதான். புள்ளைங்களுக்கு எதைப் போடுவே?"

"பாய் வேணும்னா நாலு கடை இருக்குங்க. நம்ம கயிறு அறுந்துபோச்சுன்னு யாராச்சும் திரும்பி வந்திருக்காங்களா? பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்னு சொல்லுவாங்க. எனக்கு ஒரு மரம் போதும்."

பாயும் போனது. அவளுக்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். ஆனாலும் வெட்டினாள். என்ன நெஞ்சுரம்!

வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒரே ஒரு கயிற்று முடிச்சு. அதுதான் இனி அவள் கொடி.

அந்த மழைக்காலம் முழுவதும் வீட்டில் கஞ்சிதான். ஆனால் பாய் முடைந்த நேரமும் துடைப்பம் கட்டிய நேரமும் இப்போது கயிற்றுக்குக் கிடைத்தன. மற்றவர்கள் அவசரப்பட்டுத் தேங்காய் மட்டையைப் பாதி ஊறலிலேயே எடுத்துவிடுவார்கள். எயினி உப்பங்கழியில் அது நன்றாக ஊறும்வரை காத்திருந்தாள். அடித்து, அலசி, உலர்த்தி, இறுக்கி முறுக்கினாள். பூதனும் முணுமுணுத்துக்கொண்டே முறுக்கினான். போகப் போக முணுமுணுப்பு நின்றுவிட்டது.

சோதனை நாள் வந்தது. மூன்று மாலுமிகள் வந்தார்கள், நடந்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். கொடிகள் இறங்கின.

அந்துவன் கடை முன்னால் முதல் மாலுமி கிளியைப் போல் கத்தினான். இரண்டாமவன் விரலை நக்கித் தேன் என்று காட்டினான். மூன்றாமவன் தலையைச் சொறிந்தான். அந்துவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

எயினி கடை முன்னால் நின்றார்கள். பூதன் கண்ணை மூடிக்கொண்டான். முதல் மாலுமி இடுப்புத் துண்டை அவிழ்த்து ஒரு முடிச்சுப் போட்டான். இரண்டாமவனும் போட்டான். மூன்றாமவனும் போட்டான், போட்டதோடு நிற்காமல் இரண்டு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுத்து, அவிழவில்லை பார் என்று சிரித்தான். எயினி அழுதுவிட்டாள்.

மறுநாள் காலையில் அந்துவன் பின்தெருவுக்குப் போகச் சாமான்களை மூட்டை கட்ட வேண்டியிருந்தது. நேராக எயினி கடைக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, நல்ல கயிறா ஒரு கட்டுக் கொடும்மா."

எயினி எடுத்து நீட்டினாள். "கொண்டு போங்கண்ணே. பத்திரமா கட்டுங்க."

அதற்குள் அவர் மனைவி தெருவில் ஓடிவந்தாள். "என்னங்க இது! நம்ம கடையிலேயே மூலையில ஒரு குவியல் கயிறு கிடக்கே! கொடியிலகூட வரைஞ்சிருந்தீங்களே!"

ஆமாம், அந்துவன் கயிறும் விற்றார். உங்களிடம் சொல்ல நானும் மறந்துவிட்டேன். ஆனால் விற்கிறவருக்கே அது மறந்துபோயிருந்ததே! அந்துவன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார், எயினியைப் பார்த்தார், தலை குனிந்தார்.

ஆகையால் மக்களே, எல்லாவற்றையும் சொல்கிறவரிடம் என்ன இருக்கிறதென்று அவருக்கே நினைவிருக்காது. ஒன்றைத் தேர்ந்து, அதையே நன்றாகச் செய்து, அதையே சொல்கிறவரை ஊர் மறக்காது.