நீர் வற்றும் நேரம்

“ஆறு கடலைத்தான் சேர்கிறது, எதுவும் தொலைவதில்லை என்று சொன்னீர்கள். அப்படியென்றால் என் வெள்ளச்சி எங்கே, அம்மா?”

சடையனின் கால்களில் சேறு காயவில்லை.

கழிமுகத்துக் காட்டோரக் குடிலின் வாசலில் உட்கார்ந்திருந்த துறவி உலகம்மை அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளைவிட மூத்தவன். ஆனாலும் மனைவி வெள்ளச்சியோடு வந்து, உலகம்மை சொல்வதைக் கீழே உட்கார்ந்து கேட்டவன்.

வெள்ளச்சி காணாமல் போன அன்றைக்கு மேற்கே மலையில் மழை கொட்டியிருக்கிறது. இங்கே நல்ல வெயில். வெள்ளச்சி அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஆற்றில் வெள்ளம் மரங்களை உருட்டிக்கொண்டு வந்தது.

பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை.

ஊரார் சில நாள் தேடினார்கள். அப்புறம் வலைக்குத் திரும்பிவிட்டார்கள். சடையன் மட்டும் கடல் இறங்கி நீர் வற்றும்போதெல்லாம் தோணியை எடுத்தான்.

“கடல் கொண்டுபோய்விட்டது, விட்டுவிடு என்கிறார்கள்.”

“நீ என்ன நினைக்கிறாய்?”

“வேரில் எங்கேயோ சிக்கிக் கிடக்கிறாள். நீங்கள் விடச் சொன்னால் விட்டுவிடுகிறேன். சொல்லுங்கள், அம்மா.”

உலகம்மை எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். போய்த் தோணியில் உட்கார்ந்தாள்.

ஓடை ஓடையாகப் போனார்கள். வேர் வேராக விலக்கிப் பார்த்தார்கள். சேறு உலகம்மையைத் தொடைவரை விழுங்கியது. சிப்பி ஓடு உள்ளங்காலைக் கிழித்தது.

ஒரு வளைவில் வெள்ளச்சியின் சேலைபோலச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. சடையன் விழுந்தடித்து ஓடி அதை இழுத்தான்.

எந்தத் தோணியிலிருந்தோ கிழிந்த பாய்த்துணி.

அதை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். உலகம்மையும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நீர் ஏறத் தொடங்கியது. வேர்கள் ஒவ்வொன்றாக மூழ்கின.

திரும்பும்போது சடையன் கேட்டான்: “கிடைக்கமாட்டாள். உங்களுக்குத் தெரியும், இல்லையா?”

“தெரியும்.”

“பிறகு எதுவும் தொலைவதில்லை என்றீர்களே, அந்த வார்த்தை?”

“யாரையும் தேடிப் பார்க்காமல் சொன்ன வார்த்தை அது.”

கரைக்கு வந்து தோணியைக் கட்டினான். முடிச்சு நிற்கவில்லை. உலகம்மை கயிற்றை வாங்கிக் கட்டினாள்.

அவன் போகாமல் நின்றான்.

“நாளைக்கு, அம்மா?”

“நாளைக்கும் நீர் வற்றும், சடையா.”