தோளை அளந்த ராஜாவும் கொம்பையாவின் வயிற்றுவலியும்

தன் தோளை நூல் பிடித்து அளந்து பார்த்த ராஜா ஒருவர் முன்னொரு காலத்தில் இருந்தார். "தங்கள் தோள்கள் இரண்டும் மலைகள்" என்று ஒரு புலவர் பாடிவிட்டுப் பரிசு வாங்கிப் போனதுதான் காரணம். எதையும் சோதித்துப் பார்க்காவிட்டால் அந்த ராஜாவுக்கு இருப்புக் கொள்ளாது. அளந்தார். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை ஒரு முழம், நாலு விரல். ஜன்னல் வழியே மலையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அமைச்சரே, புலவர் சொன்னது பொய்தானே?"

மந்திரி திருமலைக்கொழுந்துக்கு அரண்மனை விகடன் கொம்பையாவைக் கண்டாலே ஆகாது. கொம்பையா பேசினால் ராஜா சிரிப்பார். மந்திரி பேசினால் கொட்டாவி விடுவார்.

"சந்தேகமென்ன, பிரபு! ஒன்றை வேறொன்றாகச் சொல்வது பொய்யே. அப்படிப் பேசுகிறவருக்குப் பத்துக் கசையடி என்று சட்டம் போடுங்கள்" என்றார் மந்திரி. மூன்றே நாளில் கொம்பையா மாட்டிக்கொள்வான் என்று அவருக்கு எண்ணம்.

ராஜாவும் அப்படியே சட்டம் போட்டார். முதலில் மாட்டியது ஆவுடை. நெடுங்கரை என்ற ஊரிலிருந்து மூன்று நாள் நடந்து வந்தவள். ஆற்றுத் தண்ணீரை அவர்கள் ஏரிக்குக் கொண்டுவரும் கால்வாய் மண்மூடிப் போயிருந்தது. தூர்வார ஆள் கேட்டு வந்திருந்தாள்.

"மகாராசா, எங்க ஏரி அடிப்பிடிச்ச சட்டி மாதிரி கெடக்கு. மதகு வாயப் பொளந்துகிட்டுத் தண்ணி கேக்குது. அந்த ஏரிதான்யா எங்க ஊருக்குச் சோத்துப்பானை. பிள்ளைக அழுத கண்ணீர்ல ஒரு போகமே வெளஞ்சிரும்."

மந்திரி விரல் மடக்கினார். "ஏரியை யாரும் அடுப்பில் ஏற்றவில்லை. மதகு எதையும் கேட்காது. ஏரி பானை இல்லை. கண்ணீரில் நெல் விளையாது. நான்கு பொய், பிரபு! நாற்பது கசையடி. மனுவும் தள்ளுபடி."

ஆவுடைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அடிச்சா அடிச்சுக்கோங்கய்யா. கால்வாய மட்டும் வெட்டிக் குடுத்துருங்க" என்றாள்.

ராஜாவுக்கு மனம் ஒப்பவில்லை. "இந்தப் பெண்ணைப் பார்த்தால் பொய் சொல்கிறவளாகத் தெரியவில்லையே! அப்படியானால் இவள் பேச்சுக்கும் பொய்க்கும் என்ன வித்தியாசம்? யாராவது சொல்லுங்கள்."

உடனே சபை நடுவில் கொம்பையா, "அய்யோ, வயிறு!" என்று கத்திக்கொண்டு கீழே விழுந்து உருண்டான்.

ராஜா பதறிப்போய் வைத்தியரை வரவழைத்தார். வைத்தியர் கொம்பையாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"எப்படிப்பா வலிக்குது?"

"வலிக்குது."

"அது தெரியுது. ஊசியால குத்துற மாதிரியா?"

"உள்ள ஊசி ஏதுங்க?"

"நெருப்பு வச்ச மாதிரி எரியுதா?"

"நெருப்பும் இல்ல."

"கயிறு போட்டு முறுக்குதா?"

"வயித்துக்குள்ள இருந்து முறுக்க ஆள் வேணாமா, வைத்தியரே?"

வைத்தியர் ராஜாவைப் பார்த்துக் கையை விரித்தார். "பிரபு, குத்தலுக்கு ஒரு மருந்து, எரிச்சலுக்கு வேற மருந்து. மாத்திக் குடுத்தா ஆளே போயிருவான். இவன் சொல்ல மாட்டேங்கிறானே!"

"சொல்லித் தொலையேன், கொம்பையா!"

"சொன்னா பத்து அடி, மகாராஜா. மந்திரி ஐயா விரல நீட்டி வச்சுக்கிட்டுக் காத்திருக்கார்."

"நீ படும் பாட்டைப் பார்த்து என் நெஞ்சு வெடிக்கிறது!"

கொம்பையா எழுந்து உட்கார்ந்து ராஜாவின் மார்பை எட்டிப் பார்த்தான். "வெடிக்கலியே மகாராஜா! ஒரு கீறல்கூட இல்ல. உங்களுக்குப் பத்து அடி ஆச்சே!"

"பார்த்தீர்களா, பிரபு! இவனுக்கு வலியே இல்லை. பொய்யன்!" என்று துள்ளினார் மந்திரி.

"ஆமா, வயித்துவலின்னேன் பாருங்க, அது பொய். அத்தன பேரும் ஏமாந்தீங்க. வைத்தியர் ஓடியே வந்துட்டார். ஆனா இந்த அக்கா மதகு வாயப் பொளந்திருக்குன்னாங்களே, மதகுக்குச் சோறு ஊட்டக் கெளம்பினது யாரு? மகாராஜா நெஞ்சு வெடிக்குதுன்னாரே, கட்டுப் போட யாரு ஓடினா? ஒருத்தரும் ஏமாறல. அவருக்கு என் மேல இருக்குற பிரியம்தான் தெரிஞ்சுது. உவமை, உருவகம்னு புலவருங்க இதுக்கு என்னென்னவோ பேர் வச்சிருக்காங்க. பொய் சொல்றவன் இருக்குறத மறைப்பான். இந்த அக்கா பாவம், நாம பாக்காதத நமக்குக் காட்டப் பாக்குறாங்க. ஊருக்கு எப்படி வலிக்குதுன்னு சொல்றாங்க. வைத்தியர் நீங்கதான், மகாராஜா."

ராஜா கண்ணை மூடிக்கொண்டார். "அடிப்பிடித்த சட்டி..." என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். "கறுத்து, காய்ந்து, பொருக்கு வெடித்து... தெரிகிறது, கொம்பையா. நான் போகாத ஊரின் ஏரி தெரிகிறது!"

அன்றே நூறு ஆட்கள் மண்வெட்டியோடு ஆவுடையின் பின்னால் போனார்கள். "கூடப் போய்ப் பார்த்து, உள்ளதை உள்ளபடி வந்து சொல்லும்" என்று மந்திரிக்கும் உத்தரவாயிற்று.

எட்டாம் நாள் மந்திரி புழுதியோடு திரும்பினார்.

"ஏரி எப்படி இருந்தது?"

"நீளம் எண்ணூறு முழம், பிரபு. அகலம்..."

"அளவு கிடக்கட்டும். பார்க்க எப்படி இருந்தது?"

மந்திரி ஓரக்கண்ணால் கொம்பையாவைப் பார்த்தார். "அந்தப் பெண் சொன்ன மாதிரியேதான், பிரபு. அடிப்பிடித்த சட்டி."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. சட்டத்தை அங்கேயே கிழித்துப் போட்டார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கொம்பையாவின் கழுத்தில் போட்டுவிட்டு, "வயிற்றுவலி என்று பொய் சொன்னாயே, அதற்குப் பத்து அடி பாக்கி இருக்கிறது" என்றார்.

"உங்களுக்கும் பத்து இருக்கு, மகாராஜா. ரெண்டு பேரும் சேந்தே வாங்கிக்கலாம்" என்றான் கொம்பையா.

ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்.

அந்த வருஷ அறுவடை முடிந்ததும் நெடுங்கரையிலிருந்து அரண்மனைக்கு ஒரு மூட்டை புது அரிசி வந்தது. ஆவுடை சொல்லி அனுப்பியிருந்தாள்: "வயித்துவலிக்காரருக்குக் குடுத்துருங்க."