நாற்பத்திரண்டின் வயிற்றெரிச்சல்

டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லைக்கு மூன்று மணி நேரப் பயண தூரத்தில் இருந்த ஓர் ஊரில் கொன்சுவேலோ என்பவள் தன் மகள் யாதிராவுடன் குடியிருந்தாள். புருஷன் லாரி ஓட்டுபவன்; மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் பெரிய காரியம். கொன்சுவேலோ ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் இருவரும் வீடு திரும்பியதும் முதல் வேலையாக டிவியைப் போடுவார்கள்.

அந்த டிவிக்குக் கீழே இருந்த கேபிள் பெட்டிக்குள் இருநூறு சானல்கள் குடியிருந்தன. நமக்கு வேண்டியவை மூன்றே மூன்று. நாற்பத்தொன்றாம் எண்ணில் இருந்தவள் ஸ்பானிய மொழிச் சானல். கழுத்து நிறைய நகை, கண் நிறைய மை, தினமும் மூன்று தொடர்களில் அழுகை. பெட்டிக்குள் அவளைச் சீமாட்டி என்பார்கள். நாற்பத்து மூன்றாம் எண்ணில் இருந்தவன் ஆங்கிலச் சானல். யாரையும் திரும்பிப் பார்க்காதவன் என்பதால் அவனுக்குத் துரை என்று பெயர் விழுந்தது.

இருவருக்கும் நடுவில் இருந்தது நாற்பத்திரண்டு. அதைப் பெண்ணில் சேர்ப்பதா ஆணில் சேர்ப்பதா என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை, 'அது' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அப்படியே சொல்கிறேன், வருத்தப்படக் கூடாது.

நாற்பத்திரண்டு பிறந்த கதை ஒன்றும் பெருமைக்குரியதல்ல. கேபிள் கம்பெனியில் ஓர் எண் காலியாக இருந்தது. அங்கே சீமாட்டி போட்டு அலுத்த பாட்டுகளைப் பகலிலும், துரை போட்டு அலுத்த நகைச்சுவைகளைச் சாயங்காலத்திலும் ஓட்டினார்கள். உடம்பெல்லாம் இரவல் சட்டை. கொஞ்ச காலம் அப்படியே பிழைப்பு நடந்தது.

பிறகு ஒரு நாள் அதற்குச் சொந்தமாக ஒரு நிகழ்ச்சி அமைந்தது. அங்கே ஸ்பானியம் பேசும் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைந்தால், நம் ஊரில் பந்தல் போட்டுச் சீர் செய்வதுபோல ஊரைக் கூட்டி விழா எடுப்பார்கள். தரையைக் கூட்டும் நீளத்துக்குக் கவுன், கோயிலில் பூசை, பிறகு தகப்பனோடு ஒரு நடனம். அப்படி விழா எடுக்கும் வீடுகளுக்குள் நாற்பத்திரண்டு தன் கேமராவோடு நுழைந்தது. அம்மா ஸ்பானியத்தில் திட்டினாள். மகள் ஆங்கிலத்தில் எதிர்த்துப் பேசினாள். கோபம் முற்றியதும் இருவருமே ஒரு வாக்கியத்தை ஒரு மொழியில் ஆரம்பித்து மற்ற மொழியில் முடித்தார்கள். யாரும் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை அது. அந்த வீடுகளில் பேச்சே அப்படித்தான்.

கொன்சுவேலோவின் வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட்டாயா என்று அவள் ஸ்பானியத்தில் கேட்பாள், சாப்பிட்டேன் என்று யாதிரா ஆங்கிலத்தில் சொல்வாள். இத்தனை வருஷத்தில் ஒருத்தி மற்றவள் மொழிக்கு மாறியதும் இல்லை, ஒருத்தி சொன்னது மற்றவளுக்குப் புரியாமல் போனதும் இல்லை. ஆகவே அந்த நிகழ்ச்சி வந்த முதல் நாளே இருவரும் ஒரே சோஃபாவில் வந்து உட்கார்ந்தார்கள்.

"பாரு, அந்தப் பொண்ணுக்கும் உன் வாய்தான்" என்றாள் கொன்சுவேலோ.

"அந்த அம்மாவுக்கும் உன் கத்தல்தான்" என்று மகள் ஆங்கிலத்தில் திருப்பினாள்.

இருவரும் சிரித்தார்கள். மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள்.

இந்த இடத்தில் நாற்பத்திரண்டு மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அதன் கண் அடுத்த வீட்டிலேயே இருந்தது. நிகழ்ச்சி முடிந்து யாதிரா பாடம் படிக்கப் போனதும் கொன்சுவேலோ சீமாட்டிக்கு மாறுவாள். கையில் ஒரு துண்டோடு உட்கார்ந்து, தொடரில் யாரோ யாரையோ கைவிட்டதற்கு இவள் மூக்கைச் சிந்துவாள். நாற்பத்திரண்டுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். என்னைப் பார்த்து இவள் ஒரு நாளாவது அழுதிருக்கிறாளா? சிரித்துவிட்டுப் போய்விடுகிறாள். சிரிப்பு யாரிடம் வேண்டுமானாலும் வரும். அழுகை சொந்தக்காரர்களிடம்தானே வரும்?

சனிக்கிழமை வந்தால் இன்னொரு எரிச்சல். யாதிராவின் பள்ளித் தோழிகள் வருவார்கள், எல்லோருமாகத் துரையைப் பார்ப்பார்கள். துரை சொன்ன நகைச்சுவையைத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிவார்கள். என்னைப் பற்றி எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் பேசுகிறார்கள் என்று நாற்பத்திரண்டு பொருமியது. அம்மா சீமாட்டியின் ஆள், மகள் துரையின் ஆள், நம்மிடம் வருவதெல்லாம் இடைவேளைக்கு வருகிறார்கள் என்று அது முடிவு கட்டிவிட்டது. தனக்கென்று ஓர் ஆள் வேண்டும், முழுசாக ஒரே ஓர் ஆள் போதும் என்பதுதான் அதன் ஏக்கம்.

சீமாட்டியும் சும்மா இருக்கவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைப்பவர்களை எந்தக் கரையும் ஏற்றுக்கொள்ளாது என்று பெட்டிக்குள் எல்லோரும் கேட்கும்படி சொல்வாள். துரை அந்த அளவுகூடப் பேசவில்லை. ஒரே ஒரு முறை, "உன் ஆங்கிலத்துல மிளகாய் வாசனை அடிக்குது" என்றான். அந்த ஒரு பேச்சை நாற்பத்திரண்டு ஆறு மாதம் நினைத்து நினைத்து வெந்தது.

அது தன் குறையை ரிமோட்டிடம் சொல்லி அழுதது. ரிமோட் சோஃபாவின் இடுக்கிலேயே காலம் தள்ளியதால் வீட்டுச் சங்கதி எல்லாம் அறிந்தது. அது சுருக்கமாகத்தான் பதில் சொன்னது.

"என் மேல இருக்கிற ஒண்ணு, ரெண்டு, மூணு பட்டன்ல ரெண்டாம் நம்பர்தான் ரொம்பத் தேஞ்சு போயிருக்கு. போய் வேலையைப் பாரு."

நாற்பத்திரண்டு இதையும் தப்பாகவே எடுத்துக்கொண்டது. பட்டன் தேய்ந்த பழியையும் என் தலையில் போடுகிறார்கள் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனது.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் தாள் வந்தது. எந்த வீடு எந்தச் சானலைப் பார்க்கிறது என்று ஆராயும் ஒரு கம்பெனி அனுப்பிய தாள். முதல் கேள்வியே, இந்த வீட்டில் பேசும் மொழி எது, ஒன்றை மட்டும் குறிக்கவும் என்றிருந்தது. கீழே இரண்டு கட்டங்கள்.

கொன்சுவேலோ பேனாவை எடுத்து ஸ்பானியம் என்ற கட்டத்தில் குறி போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாதிரா பார்த்துவிட்டு, அப்போ நான் இந்த வீட்டில் இல்லையா என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் பேனாவைப் பிடுங்கி ஆங்கிலம் என்ற கட்டத்திலும் ஒரு குறி போட்டாள். கொன்சுவேலோ யோசித்துப் பார்த்து, அதுவும் சரிதான் என்று ஒட்டி அனுப்பிவிட்டாள்.

ஒன்றைக் கேட்டால் இரண்டில் குறி போட்டிருக்கிறார்கள் என்று கம்பெனிக்காரர்கள் அந்தத் தாளைச் செல்லாத தாள்களோடு தூக்கிப் போட்டார்கள். அந்த ஊரில் இப்படி இரண்டிலும் குறி போட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அத்தனை தாளும் குப்பைக்குப் போயின. கடைசியில் முடிவு வந்தபோது ஸ்பானிய வீடுகள் இத்தனை, ஆங்கில வீடுகள் இத்தனை என்று இருந்தது. சீமாட்டி பூரித்தாள். துரை லேசாகத் தலையசைத்தான். நாற்பத்திரண்டுக்கு ஒரு வீடுகூட இல்லை.

சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று என்று அது குமுறியது. தனக்கு ஆளே இல்லை என்று அச்சடித்தே கொடுத்துவிட்டார்களே, இனி எதற்கு இந்த இரண்டுங்கெட்டான் பிழைப்பு? அது ஒரே வாரத்தில் புதுப் பெயர் வைத்துக்கொண்டது. மிளகாய் வாசனை போகத் தேய்த்துக் குளித்தது. நிகழ்ச்சி எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, துரையைப்போலவே நடந்து, துரையைப்போலவே இருமியது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

முதல் நாள் கொன்சுவேலோ, அவன் என்ன சொன்னான், இவன் என்ன சொன்னான் என்று மகளைக் கேட்டுக்கொண்டே பார்த்தாள். இரண்டாம் நாள் கேட்பதை நிறுத்தினாள். மூன்றாம் நாள் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்து போனவள் திரும்பி வரவில்லை. யாதிரா கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அசலே பக்கத்தில் இருக்கும்போது நகலை ஏன் பார்க்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, நாற்பத்து மூன்றை அமுக்கிவிட்டாள்.

நாற்பத்திரண்டு பதறியது. மகள் போனால் போகட்டும், அம்மாவைப் பிடித்துவிடலாம் என்று மறுபடியும் பெயர் மாற்றியது. இந்த முறை முழு ஸ்பானியம். கழுத்து நிறைய நகை, கண் நிறைய மை, மூன்றுக்குப் பதில் நாலு தொடர். அழுகையில் சீமாட்டியை மிஞ்ச வேண்டும் என்று பிறந்த குழந்தையையெல்லாம் மாற்றி வைத்து அழ வைத்தது.

கொன்சுவேலோ கால் மணி நேரம் பார்த்தாள். "அழணும்னா எனக்கு நாப்பத்தொண்ணு இருக்கு" என்று ரிமோட்டிடம் சொல்வதுபோலத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாற்றினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாயங்காலம் இப்படித்தான் கழிந்தது. யாதிரா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனைப் பார்ப்பாள். கொன்சுவேலோ துண்டோடு சீமாட்டி முன்னால் உட்கார்ந்திருப்பாள். இடையில் ஒரு முறை, சாப்பிட்டாயா மகளே என்று கதவைப் பார்த்து ஸ்பானியத்தில் கேட்பாள். காதில் மாட்டியிருப்பவளுக்கு எது கேட்கும்? கொன்சுவேலோ இன்னொரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு டிவிப் பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்கு இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

நாற்பத்திரண்டு இருட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதும் அதற்குத் தன் தப்பு தெரியவில்லை. பொறாமைதான் முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. ஒரு விளம்பர இடைவேளையில் தாங்க முடியாமல் பக்கத்து எண்ணைக் கூப்பிட்டது.

"ஜெயிச்சிட்டே இல்லே? அவளை முழுசா எடுத்துக்கிட்டே. உனக்கு இப்ப சந்தோஷமா?"

சீமாட்டி மை கலையாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் குரலில் வழக்கமான மிடுக்கு இல்லை.

"உனக்கு ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே. இருபது வருஷமா அவ என்கிட்ட வந்து அழறா. தனியாத்தான் அழறா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தப் பொண்ணு வந்து அவ பக்கத்துல உட்காரணும்னு நான் போடாத தொடர் இல்லே, கட்டாத வேஷம் இல்லே. வரவே இல்லே. உன் நேரம் வந்தா மட்டும் ஓடி வருவா. ரெண்டு பேரும் ஒரே தலையணைக்கு அடிச்சுக்குவாங்க. உன்னைப் பார்த்து நான் எரிஞ்ச எரிச்சல் எனக்குத்தான் தெரியும். துரைக்கும் அப்படித்தான், அம்மாக்காரி ஒரு நிமிஷம்கூட அவன்கிட்ட நின்னதில்லையே. அந்த எரிச்சல்லதான் மிளகாய்ன்னான். அந்த எரிச்சல்லதான் நானும் ஆத்தையும் சேத்தையும் இழுத்தேன்."

நாற்பத்திரண்டு மெதுவாக, உள்ளே ஏதோ ஓர் ஆசையோடு கேட்டது.

"இப்பவும் என் மேல பொறாமை இருக்கா அக்கா?"

விளம்பரம் முடிந்து தொடர் ஆரம்பிக்கப் போகிறது என்று மணி அடித்தது. சீமாட்டி நகையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"சேச்சே, இப்ப என்னத்துக்கு? நீயும் என்னை மாதிரிதானே ஆயிட்டே."